தேவ்னார் வாயிலில் இரண்டு சட்டங்கள்

மும்பை மாட்டுங்காவின் மரநிழல் படர்ந்த வீதிகளில் மாலை வேளையில் உலாவி, வழியில் ஒரு டம்ளர் காப்பி அருந்திவிட்டு வீடு திரும்புகிற நம்மவர்களில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு: அந்த வீதிகள் அவ்வளவு விசாலமாக அமைந்ததற்கு மூலகாரணமாக இருந்தவை எலிகள். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில், தானியக் கிடங்குகள் நெருக்கியடித்து நின்ற தெருக்களில் பிளேக் நோய் புகுந்துவிட்டதை அகாசியோ வியேகாஸ் என்ற மருத்துவர் கண்டறிந்து அறிவித்தார். எலியின் உடம்பிலிருந்து மனிதன் மேல் தாவுகிற தெள்ளுப்பூச்சியே அந்நோயைக் கொண்டுசெல்கிறது என்ற உண்மையைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898-ல் விளக்கினார். அதே ஆண்டில், காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளை இடித்து நகரத்தை வடக்கு நோக்கி விரிப்பதற்கென்று பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்படுத்தப்பட்டது. அந்த டிரஸ்டின் திட்டங்களில் ஒன்றாகப் பிறந்து, பிற்காலத்தில் தென்னாட்டார் வந்து குடியேறிய பேட்டையே மாட்டுங்கா.

பிராணிகளின் நோய்க்கும் மனிதரின் ஆரோக்கியத்துக்கும் இடையே மதில் ஏதும் இல்லை என்ற பாடத்தை இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்ற நகரம் இந்தியாவில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஆயினும் இன்று நாம் உண்ணும் உணவைக் கண்காணிப்பதற்கென்று அரசாங்கம் வகுத்திருக்கிற ஏற்பாடுகளைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், இயற்கையில் இல்லாத அந்த மதிலைச் சட்டத்தில் நாமே எழுப்பி வைத்திருக்கிறோம் என்பது புலனாகும்.

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் இயற்றப்பட்ட 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், அதன் பெயரே சொல்வதுபோல, பாலில் தண்ணீரையும் மிளகில் பப்பாளி விதையையும் சேர்க்கிற வஞ்சக வியாபாரியைத் தன் எதிரியாகக் கொண்டு பிறந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், அச்சட்டத்தையும், பழச்சரக்கு, இறைச்சிப் பண்டம், பால் முதலியவற்றுக்குத் தனித்தனியே இருந்த ஆணைகளையும் ஒன்றாகத் திரட்டி, 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதன்படி 2008-ல் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையம் நிறுவப்பட்டு, 2011 ஆகஸ்டில் அதன் விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்தன. வஞ்சகத்தை மட்டும் தேடாமல், நுண்கிருமி, நச்சு, மருந்தின் எச்சம் ஆகிய எதுவாயினும் உண்பவனுக்குத் தீங்கு செய்யக்கூடியதைத் தடுப்பதே இப்புதிய சட்டத்தின் நோக்கம். மகாராஷ்டிரத்தில் இதை நிர்வகிக்கும் பொறுப்பு மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு உரியது.

இந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் உணவு என்பதற்கு ஓர் இலக்கணம் கூறப்பட்டிருக்கிறது. குடிநீர், சூயிங்கம் ஆகியவற்றைக்கூட உணவென்று சேர்த்துக்கொள்ளும் அந்த இலக்கணம், கால்நடைத் தீவனத்தையும், மனிதர் உண்பதற்கென்று பக்குவப்படுத்தப்படாத உயிருள்ள பிராணிகளையும் உணவல்ல என்று விலக்கிவிடுகிறது. உயிருள்ள பிராணிக்கு வேறொரு சட்டம் உண்டு: விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009-ஆம் ஆண்டின் சட்டம். தன் கால்நடைக்கு நோய் கண்டதென்று ஐயுறுகிற எவரும் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும், நோய் பரவும் பிரதேசத்தைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியென்று அறிவித்து, அங்கிருந்து பிராணிகள் வெளியேறாமல் தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதன் சாராம்சம். இதை நடத்துவது கால்நடைத் துறை. ஆகவே, ஆடு உயிரோடு நிற்கும் வரையில் ஒரு துறைக்கும், இறைச்சியாகித் தொங்கும்போது மற்றொரு துறைக்கும் உரியதாகிறது. இந்த இரண்டு ராஜ்யங்களின் எல்லைக்கோட்டைக் கண்ணால் காண விரும்புகிறவர் செம்பூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் போதும்.

செம்பூரை அடுத்த தேவ்னாரில், மும்பை மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் 1971-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நகரத்தின் ஆட்டுத்தொட்டி பாந்திராவில் இருந்தது. அங்கிருந்து கழியும் தோல்களைப் பதனிடுவதற்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அருகிலிருந்த தாராவிச் சதுப்பில் தோல் ஷாப்புகளை அமைத்தார்கள் என்பதும், தாராவித் தமிழரின் சரித்திரம் அங்கிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறது என்பதும் நாம் மறக்கலாகாத விஷயங்கள். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் ஆடுகளுக்குத் தேவ்னாரே சந்தை; பக்ரீத் பண்டிகையை ஒட்டிய நாட்களில் அங்கே வந்து குவியும் ஆடுகளின் தொகை இலட்சத்தைத் தாண்டும்.

அந்த வாயிலில் நிற்கும் கால்நடை மருத்துவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, பிராணி உயிரோடிருக்கும்போதே அதைப் பரிசோதிப்பது. நடை தள்ளாடுகிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா, வாயிலும் குளம்பிலும் கோமாரிக்குரிய கொப்புளம் இருக்கிறதா, உடம்பு கொதிக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். இரண்டாவது, அறுத்தபின் ஈரல், நுரையீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றைக் கீறிப் பார்த்து, தட்டைப்புழுவோ நீர்க்கட்டியோ காசநோயின் கரணையோ இல்லையென்று தெளிந்த பிறகே இறைச்சியின்மேல் முத்திரை பதிக்கச் செய்வது. இவ்விரண்டில் முதலாவதே முக்கியமானது. ஏனெனில், சில நோய்களை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதே ஆபத்து. அடைப்பான் நோயால் இறந்த ஆட்டையோ மாட்டையோ கத்தியால் திறந்தால், உள்ளிருக்கும் கிருமி காற்றுப் பட்டவுடன் கடினமான வித்துக்களாக உருமாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடந்து, அறுத்தவனையும் தோலுரித்தவனையும் தோலைப் பதனிட்டவனையும் பின்னொரு காலத்தில் அங்கே மேய வரும் மந்தையையும் தாக்கக்கூடும்.

இத்தகைய பரிசோதனையை அவசரமாகச் செய்ய முடியாது என்பதை உணர்ந்தே, இறைச்சிக்கூடங்களைப் பற்றிய 2001-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், ஒரு மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு பிராணிகளுக்கு மேலும், நாளொன்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேலும் பரிசோதிக்கலாகாது என்று வரையறுத்தன. இந்தக் கணக்கைப் பண்டிகைக் காலத்துக்குப் பொருத்திப் பார்த்தால் பிரச்சினையின் பரிமாணம் விளங்கும். ஓர் இலட்சம் ஆடுகளை அந்த விதிப்படி பரிசோதிக்க ஒரு நாளைக்கு நூறு மருத்துவர்கள் வேலை செய்தாலும் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். விதியைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதால் விதி தவறானதென்று ஆகிவிடாது; விதியை எழுதியவர்கள் அதற்குத் தேவையான ஆட்களையும் சேர்த்து நியமித்தாலன்றி அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும் என்பதுதான் அதிலிருந்து பெறப்படுவது. தேவ்னாரின் நிலை இதுவென்றால், வீதிமுனையிலுள்ள கோழிக்கடையில் கூண்டிலிருந்து எடுத்து நம் கண்ணெதிரே அறுத்துத் தருகிறார்களே, அந்தக் கோழியை உயிரோடிருக்கும்போது எந்த மருத்துவரும் பார்ப்பதில்லை என்பதையும் வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாயிலில் நோய் கண்டுபிடிக்கப்பட்டால் அதன்பின் நடப்பது என்ன? அந்த ஆட்டைத் தள்ளி வைப்பதோடு காரியம் முடிவதில்லை. அது எந்தக் கிராமத்து மந்தையிலிருந்து வந்தது, எத்தனை சந்தைகளில் கைமாறியது, அதே லாரியில் வந்த மற்றவை எங்கே போயின என்பவற்றைத் தேடிப் பிடித்து, அந்தக் கிராமத்துக் கால்நடை மருத்துவருக்கு உடனே செய்தி அனுப்பினால்தான் வாயிற்பரிசோதனைக்குப் பொருள் உண்டு. கோமாரி, கன்றுவீச்சு ஆகிய நோய்களை ஒழிப்பதற்காக 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் நிறக் காதுவில்லையைக் கால்நடைகளுக்குப் பூட்டுவது இந்தத் தேடலுக்கு உதவக்கூடிய நல்ல ஏற்பாடே. அந்த எண் தேவ்னாரின் பதிவேட்டிலும், இறைச்சி போய்ச் சேரும் கடையின் ரசீதிலும் தொடர்ந்து வந்தால், நோயின் தடத்தை இரு திசையிலும் பின்தொடரலாம்.

இறைச்சியைத் தொடாத மாட்டுங்காவாசிகள் இதெல்லாம் தமக்குச் சம்பந்தமற்ற விஷயமென்று நினைத்தால் அது தவறு. அவர்களுடைய காப்பிக்குப் பால் வேண்டுமல்லவா? நகரத்தின் நெரிசலான தபேலாக்களில் சாணத்திலும் மூத்திரத்திலும் நின்றுகொண்டிருந்த எருமைகளை வெளியேற்றி, திறந்த வெளியில் குடிவைத்து, பாலைக் காய்ச்சிச் சுத்திகரித்துப் புட்டிகளில் வழங்குவதற்காக 1949-ல் ஆரே பால் காலனி நிறுவப்பட்டது. அதன் சிற்பியான பால் கமிஷனர் தாரா குரோடி, வர்கீஸ் குரியனோடும் திரிபுவன்தாஸ் படேலோடும் சேர்ந்து 1963-ல் மக்சேசே விருது பெற்றார். எருமை நிற்கும் இடத்தைச் சீர்செய்யாமல் பாலைச் சீர்செய்ய முடியாது என்பதை அந்தக் காலத்து நிர்வாகிகள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். பிற்காலத்துச் சட்டமோ பாலை மட்டும் எடுத்துக்கொண்டு எருமையையும் அதன் தீவனத்தையும் வெளியே விட்டுவிட்டது.

இதனால் விளைந்ததை ஒரு புள்ளிவிவரம் காட்டுகிறது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 1,103 ஊர்களிலிருந்து 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிப் பரிசோதித்தது. பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த யூரியா, சோப்புத்தூள் முதலிய ஆபத்தான கலப்படங்கள் அகப்பட்டவை பன்னிரண்டு மாதிரிகள்தாம். ஆனால், அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தவை 368; மருந்துகளின் எச்சம் மிகுந்திருந்தவை 77. இந்த நச்சைப் பாலில் எந்தப் பால்காரரும் கலப்பதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் பூக்கும் பூஞ்சணம் உண்டாக்கும் விஷம், மாட்டின் வயிற்றுக்குள் போய், ஈரலில் உருமாறி, மடிவழியே பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது அழியாது. நெடுங்காலம் உட்கொண்டால் கல்லீரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்து, விசாரித்ததில் அவை தின்ற கடலைப் பிண்ணாக்கே குற்றவாளியென்று தெரிந்தபோதுதான் உலகம் இந்த விஷத்தை அறிந்தது. தண்ணீர் கலந்த பால் பாக்கெட்டைத் தேடிக் குடிசைகளில் சோதனை போடுகிற அதிகாரி, தம் கடமையைச் செவ்வனே செய்தாலும், தீவனக் கிடங்கின் பூஞ்சணத்தைத் தொட அவருடைய சட்டம் இடம் கொடுப்பதில்லை.

தாராவியில் பிரச்சினையின் இன்னொரு முகத்தைக் காண்கிறோம். பொழுது புலருமுன் எழுந்து, ஒற்றை அறை வீட்டில் அண்டா அண்டாவாக இட்லி அவித்து, சட்னியும் சாம்பாரும் தூக்குகளில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரத்தின் நான்கு திசைகளுக்கும் புறப்படுகிற நம் மக்களை மும்பையில் அறியாதவர் இல்லை. 2011-ஆம் ஆண்டின் விதிகள், ஆண்டு விற்பனை பன்னிரண்டு இலட்சத்துக்கு உட்பட்ட இத்தகைய சிறு வியாபாரிகளுக்கு உரிமம் தேவையில்லை, நூறு ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொண்டால் போதும் என்று சலுகை காட்டின. கொதிக்கும் ஆவியில் வெந்த இட்லி பெரும்பாலும் பாதுகாப்பான உணவே. அபாயம் இருப்பது சட்னியில் சேரும் தண்ணீரிலும், அது வெயிலில் கழிக்கும் நேரத்திலும், பரிமாறும் கையிலும்தான். குழாயில் நல்ல தண்ணீர் வராத சந்தில் வசிக்கிற பெண்மணிக்கு அபராதச் சீட்டு எழுதுவதால் சட்னி சுத்தமாகிவிடாது. மித்தி ஆற்றுக்கு அக்கரையில், பாந்திரா-குர்லா வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது மாநில உணவு நிர்வாகத்தின் தலைமை அலுவலகம். அங்கிருந்து வருகிற அதிகாரி முதலில் தண்ணீரைச் சோதித்து, குறையிருந்தால் மாநகராட்சியை அழைத்துக் குழாயைச் சீராக்கி, பிறகு வியாபாரிக்குப் பயிற்சி தந்து, அதன்பின்பும் தவறினால் தண்டிப்பதே நியாயமான வரிசை.

கண்காணிப்பு தளரும்போது வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2006 பிப்ரவரி 18 அன்று, மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள நவாபூரில் கோழிப்பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் கண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் எச்5என்1 கிருமி வெளிப்பட்டது அதுவே முதல் முறை. போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் கிருமியை உறுதிசெய்ய, இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. அன்று மனிதர் எவருக்கும் நோய் பற்றவில்லை. ஆயினும், நவாபூரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மும்பையில் கோழிக்கடைகள் ஈயாடின. எழுபது பாகை வெப்பத்தில் நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காது என்ற உண்மை மக்களின் காதுக்கு எட்டுமுன் பயம் எட்டிவிட்டது. 2022-ல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோதும், மனிதருக்குத் தொற்றாத அந்நோயைச் சாக்கிட்டுப் பால் குடிக்கலாகாதென்று செய்தி பரப்பினார்கள். கால்நடைத் துறை ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டு நோயை மட்டுப்படுத்த முயன்றுகொண்டிருந்த அந்த வேளையில், பாலைப் பற்றிப் பேச உணவுத் துறையும் அதே மேடையில் நின்றிருந்தால் மக்களின் கலக்கம் அவ்வளவு தூரம் வளர்ந்திராது.

அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2015 ஜூன் 5 அன்று, ஈயத்தின் அளவு மிகுந்திருப்பதாகக் கூறி மாகி நூடுல்ஸை நாடெங்கும் ஆணையம் தடைசெய்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. கம்பெனியின் தரப்பைக் கேளாமல் முடிவெடுத்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்பதும், பரிசோதித்த கூடங்கள் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவையல்ல என்பதும் நீதிபதிகள் கூறிய காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று கூடங்களில் மறுபரிசோதனை நடந்து, ஈயம் வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தபின், அந்தப் பண்டம் நவம்பரில் மீண்டும் கடைக்கு வந்தது. கம்பெனி குற்றவாளியா நிரபராதியா என்ற விவாதத்தைவிட நமக்கு முக்கியமானது வேறு: நம்பத் தகுந்த ஆய்வுக்கூடம் இல்லாத அரசாங்கம், தவறு செய்தவனைத் தண்டிக்கவும் முடியாது; தவறு செய்யாதவனைக் காப்பாற்றவும் முடியாது.

வெளிநாட்டார் இவ்விஷயத்தில் நம்மைவிடச் சிறந்த அறிவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் 1986-ல் மாடுகளிடையே கண்டறியப்பட்ட மூளைச்சிதைவு நோய், அதாவது பைத்திய மாட்டு நோய், மனிதருக்கு வராதென்று பத்தாண்டுகள் சாதித்துவிட்டு, 1996 மார்ச்சில் வரக்கூடுமென்று அமைச்சரே பார்லிமெண்டில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. விவசாயியின் லாபத்தையும் உண்பவரின் உயிரையும் ஒரே இலாகா காத்துவந்ததே அதற்குக் காரணமென்று கருதி, 2000-ல் உணவுத் தரத்துக்குத் தனி நிறுவனம் அமைத்தார்கள். அவர்கள் பிரிக்க வேண்டியதைப் பிரித்தார்கள். நாம் பிரித்து வைத்திருப்பதை இணைக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இணைத்தால் முடியும் என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி உண்டு. நூற்றாண்டுகளாக இந்திய மந்தைகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோயை, கிராமம் கிராமமாகத் தடுப்பூசி போட்டும், நோய் கண்ட இடத்தை உடனுக்குடன் தேடிப் பிடித்தும் நம் கால்நடை மருத்துவர்கள் ஒழித்தார்கள். இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், வட ஆற்காட்டில். 2011-ல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. தேவ்னார் வாயிலில் காணப்படும் நோய் அன்றைக்கே கால்நடைத் துறைக்கும் உணவு நிர்வாகத்துக்கும் ஒருசேர எட்டும்படி ஒரே பதிவேடு வேண்டும். பால் தரும் மாட்டின் தீவனம் சட்டத்தின் பார்வைக்குள் வர வேண்டும். விதிகள் கோருகிற அளவுக்கு மருத்துவர்களும் உணவு அதிகாரிகளும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களும் ஏற்பட வேண்டும். பிரஜைகளாகிய நமக்கும் கடமை இருக்கிறது. வாங்கிய பண்டத்தில் சந்தேகம் எழுந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாற்பதாம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பண்டம் சட்டத்துக்கு மாறானதென்று முடிவு வந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கைபேசியில் வதந்தியை அனுப்புவதை நிறுத்திவிட்டு, இந்த உரிமையைப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.